சின்னவள் எடுத்த படிப்பு

சின்னவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, அவள் அப்பா பட்டப்பகலில் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர வேறெதற்கும் அவர் அந்த ஷட்டரை இறக்கியதில்லை. தெருவில் அவருக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர். இருமலோ வயிற்று வலியோ, முதலில் அவரிடம்தான் வருவார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று கேலி பேசுகிறவர்கள்கூட மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பேசுவார்கள். வீட்டுக்கு ஒரு முழு டாக்டர் வரப்போகிறாள் என்றதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சின்னவள் சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள்: “அப்பா, இன்னொரு காலேஜிலயும் இடம் வந்திருக்கு. சைக்காலஜி. எனக்கு அதான் படிக்கணும்னு இருக்கு.”

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். “பேசறதுக்கு ஒரு படிப்பா? உங்கம்மா படிக்காமலே அதைச் செய்யறாளே!”

“என்னை எதுக்கு இழுக்கறீங்க?” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

விடுமுறை நாட்களில் கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள் சின்னவள். மருந்தை வாங்கியதும் போய்விடுகிறவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் சில்லறையை வாங்கிய பிறகும் நிற்பார்கள். மனைவி இறந்த பிறகு தலைவலி மாத்திரைக்கென்று நாள் தவறாமல் வருகிற ஒரு தையல்காரர் இருந்தார். அப்பா மாத்திரையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். தையல்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது சின்னவள்தான். இவருடைய வலி தலையில் இல்லை என்று அவளுக்குத் தோன்றும்.

அன்று இதையெல்லாம் அப்பாவிடம் எடுத்துச் சொன்னாள்.

“சரி, முதல்ல டாக்டருக்குப் படி. அப்புறம் மேல்படிப்புல மனசைப் படிச்சுக்க. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

“அதுலயும் மருந்து எழுதறதுதான்பா பெரிய வேலை. எனக்கு உட்கார்ந்து கேக்கற வேலை வேணும்.”

“மருந்துன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா? அந்த மருந்துதான் உனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டுச்சு.”

அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. இரண்டு கல்லூரிகளுக்கும் பதில் சொல்ல இன்னும் சில வாரங்கள் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு முடியாமல் போனது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அத்தான் பஸ் கம்பெனியில் மெக்கானிக். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஆள் சிறுத்தாலும் காரம் குறையாததால் குழந்தையை எல்லோரும் ‘கடுகு’ என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் அத்தான் கடைக்கு வந்து, “மாமா, உங்க பொண்ணு தூங்கறதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்துல காது வெச்சுக் கேக்கறாங்கன்னு சொல்றா” என்றார். அப்பா சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். மறுவாரம் அக்கா வகுப்பில் கூட்டல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தபடியே நின்றாளாம். தலைமையாசிரியை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

சின்னவள் தினமும் சாயங்காலம் அக்காவிடம் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கேட்டாள். கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பதவி உயர்வு, மாமியார் சொன்ன ஒரு சொல், இரண்டாவது குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று அத்தானோடு வந்த சண்டை. அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனையையும் நெஞ்சில் போட்டுப் பூட்டி வைத்திருந்தால் எந்த மனுஷிக்குத்தான் தூக்கம் வரும் என்று சின்னவள் நினைத்தாள். அக்காவுக்காக வருத்தம் இருந்தது. ஆனால் யாருக்கும் புரியாததைத் தான் கண்டுபிடித்துவிட்டோம் என்ற கர்வமும் அந்த வருத்தத்துக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

“மனசுல பாரம்பா. இறக்கி வெச்சா சரியாயிடும்” என்று வீட்டில் சொன்னாள். அப்பா அரைமனதாகத் தலையாட்டினார்.

பிறகு ஒரு காலையில் அக்கா கடுகின் இரண்டு தோளையும் பிடித்து, “யாரு நீ? எம் பொண்ணை எங்க வெச்சிருக்கே?” என்று கத்தினாள். குழந்தை வீறிட்டது. அத்தான் ஓடிவந்து பிரித்தார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் உளவியலாளரைப் பார்க்கலாம் என்று சின்னவள் பிடிவாதம் பிடித்தாள்.

மாடிப்படிக்கு அடியில் ஒடுக்கமான அறை. உளவியலாளர் குள்ளமான பெண்மணி. ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். சின்னவள் தான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் கண் அக்காவின் மேலேயே இருந்தது.

“நீங்க கணக்கு டீச்சராமே? பன்னண்டிலிருந்து பின்னால எண்ணுங்க பாப்போம்.”

அக்கா ஒன்பது வரை வந்தாள். மறுபடி ஒன்பது என்றாள். அவள் வாய் எதையோ மெல்லுவதுபோல் தானாக அசைந்தது. இடது கை விரல்கள் சேலை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டன. சின்னவள் இத்தனை சாயங்காலம் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்த விரல் அசைவு பதற்றம் என்றே எண்ணியிருந்தாள்.

உளவியலாளர் போனை எடுத்தார். “நரம்பு வார்டா? ஒருத்தரை அனுப்பறேன். இல்லை, நாளைக்கு இல்லை, இப்பவே பாருங்க” என்றார். பிறகு சின்னவளைப் பார்த்து, “நீங்க சொன்ன கஷ்டமெல்லாம் உண்மையா இருக்கலாம்மா. ஆனா இது அதனால வந்ததா எனக்குத் தெரியலை. உடம்பைத் தேடிப் பாக்கணும்” என்றார்.

வார்டுக்குப் போகிற வழியிலேயே அக்காவுக்கு வலிப்பு வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்து வில்லாய் வளைந்தாள். அப்புறம் நடந்ததெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது என்றார் நரம்பு மருத்துவர். சினைப்பையில் இருந்த ஒரு சின்னக் கட்டிதான் அதைக் கிளப்பிவிட்டிருக்கிறது. கட்டியை எடுத்தார்கள். அக்கா நாட்கணக்கில் மூச்சுக் குழாயோடு கிடந்தாள். “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா எங்க கையில இருந்திருக்காது” என்று ஒரு பயிற்சி டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் சின்னவளைக் குடைந்தது. எந்த வீட்டில் தோண்டினாலும் ஒரு சண்டை கிடைக்கும், ஒரு ஏமாற்றம் கிடைக்கும். தோண்டியதில் கிடைத்ததையே நோய் என்று நம்பி, அக்காவின் நாட்களைத் தின்றிருக்கிறாள்.

அப்பா கண்ணாடிக் கதவோரம் நின்றார். கடையிலிருக்கிற அத்தனை மருந்தும் தலைகீழ்ப் பாடமான மனுஷனுக்கு, அக்காவுக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு பாட்டிலின் பெயர்கூடத் தெரியவில்லை. சின்னவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, நான் டாக்டருக்கே படிக்கறேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தாரோ, ஆனாலும் முகத்தில் சந்தோஷத்தின் சாயலே இல்லை. “சரிம்மா” என்றார்.

மருத்துவக் கல்லூரிக்குச் சம்மதம் போயிற்று. வகுப்பு தொடங்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. இன்னொரு கல்லூரிக்குப் பதில் சொல்லவே மறந்துபோனாள்.

அக்கா பிழைத்து எழுந்தாள். முதலில் தண்ணீர் கேட்டாள், பிறகு முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டாள். சில வாரங்களில் பதின்மூன்றாம் வாய்ப்பாடு தடங்கலில்லாமல் வந்தது. எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். நரம்பு மருத்துவரின் காலில் விழாத குறையாக அப்பா கும்பிட்டார்.

உடம்பு தேறும்வரை அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று அக்காவையும் கடுகையும் இங்கேயே கூட்டிவந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது. அக்கா குழந்தையைத் தொடவே இல்லை. கடுகு கூடத்தில் இருந்தால் அக்கா அறைக்குள் போய்விடுவாள். கடுகும் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டது:

“இப்ப நீ எங்கம்மாவா?”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரி நாட்கள் எதுவும் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. குழந்தையைப் பிடித்துக் கத்திய அந்தக் காலைப்பொழுது மட்டும், கைக்குள் அகப்பட்ட சின்னத் தோள்கள் மட்டும், அழியாமல் நின்றன. “அந்த நோய் திரும்ப வந்துட்டா என்னடி பண்றது? இந்தக் கையை நான் எப்படி நம்பறது?” என்று சின்னவளிடம் கேட்டாள். அப்பா கடையிலிருந்து டானிக் எடுத்து வந்தார். அம்மா, “பெத்தவளுக்குத் தெரியாதா, எடுத்து மடியில வெச்சுக்கடி” என்று குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். கடுகு அலறியது. அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சின்னவள் இந்தத் தடவை எதையும் தோண்டவில்லை. மறுபடி நரம்பு வார்டுக்கே கூட்டிப்போய், உடம்பில் எதுவும் மிச்சமில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் மாடிப்படிக்கு அடியிலுள்ள அறைக்குப் போனாள்.

உளவியலாளர் அக்காவையும் பேசச் சொல்லவில்லை, குழந்தையையும் பேசச் சொல்லவில்லை. தரையில் ஒரு விரிப்பைப் போட்டு விளையாட்டுப் பாத்திரங்களைக் கொட்டினார். அந்தக் கோடியில் அக்கா, இந்தக் கோடியில் கடுகு. முதல் நாள் இரண்டு பேரும் தனித்தனியே விளையாடிவிட்டு எழுந்து வந்தார்கள். இதற்கா இத்தனை தூரம் என்று அத்தான் முணுமுணுத்தார். அடுத்தடுத்த வாரங்களில் விரிப்பில் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடுகு ஒரு மூடியைத் தள்ளிவிட்டது. அக்கா அதைப் பாத்திரத்தின் மேல் வைத்துத் திருப்பித் தள்ளினாள். உளவியலாளர் அக்காவைத் தனியாக உட்காரவைத்து அவள் பயத்தைக் கேட்டார். திரும்ப வராது என்று சத்தியம் செய்து கொடுக்கவில்லை. வந்தால் முதலில் எது தெரியும், யாரிடம் சொல்வது, குழந்தையை யார் தூக்கிக்கொள்வது என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவு செய்தார்கள். அன்று வீடு திரும்பும்போது அக்கா ஆட்டோவில் தூங்கிப்போனாள்.

பிறகு ஒரு மத்தியானம். அக்கா பாயில் படுத்திருந்தாள். கடுகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு விரலால் அவள் மூக்கைத் தொட்டது. புருவத்தைத் தொட்டது. கண்ணிமையைத் தூக்கி உள்ளே பார்த்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பார்த்து முடித்ததும் குழந்தை அவள் வயிற்றில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கதவருகே நின்றிருந்த சின்னவள் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அப்பா கடைக்குக் கிளம்புகிற நேரத்தில், “அப்பா, நான் மனசு மாறிட்டேன்” என்றாள்.

அப்பா செருப்பை மாட்டிய காலோடு நின்றார். “என்னம்மா இது, மரத்துக்கு மரம் தாவறே! டாக்டருங்க இல்லேன்னா அவ இன்னைக்கு இல்லை. அதைக் கண்ணால பாத்தவ நீ.”

“பாத்தேன்பா. இல்லேன்னு சொல்லலை. அன்னைக்கு உங்ககிட்ட டாக்டருக்குப் படிக்கறேன்னு சொன்னது பயத்துல சொன்னது. எனக்கு அந்த வேலை பிடிச்சுச் சொல்லலை.”

“அக்கா விஷயத்துல ஒரு தடவை தப்பாச் சொன்னே. நாளைக்கு வேற யாருக்காவது தப்பாச் சொன்னா?”

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. “அதுக்குத்தான்பா படிக்கணும். நான் படிக்காம செஞ்சேன். மாடிப்படி ரூம்ல இருக்கற மேடம் படிச்சுட்டுச் செஞ்சாங்க. உடம்புல எது, மனசுல எதுன்னு தெரியாத இடத்துல நிறுத்தி, எனக்குத் தெரியலைன்னு அவங்களால சொல்ல முடிஞ்சுது. நானும் அந்த வேலையைச் செய்யணும்பா.”

அப்பா கடைக்குப் போய்விட்டார். நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா இரண்டு பக்கமும் தூது போய்க் களைத்தாள். சைக்காலஜி கல்லூரிக்குப் போன் செய்தபோது, கெடு தாண்டிவிட்டாலும் இடம் இன்னும் இருக்கிறது, அந்த வாரமே வரவேண்டும் என்றார்கள். தனியாகவே போவதென்று சின்னவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் மருத்துவக் கல்லூரி இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கக் கிளம்பிய காலையில் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்த கிளார்க் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். “இந்த இடத்துக்கு எத்தனை பேர் தவம் கிடக்கறாங்க தெரியுமா? நல்லா யோசிச்சீங்களா?”

சின்னவள் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “யோசிச்சாச்சு. வேண்டாம்.” கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய ஆசை முழுவதையும் அந்த அலுவலக மேஜையில் வைத்துவிட்டு வருகிறோம் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. தேற்றுவதற்கு ஒரு வார்த்தை தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள்.

“அப்பா, கஷ்டமா இருக்கா?”

“இருக்காதா பின்னே” என்றார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, தான் சின்ன வயதில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வெள்ளைக் கோட்டுகளை வேடிக்கை பார்த்த கதையை ஆரம்பித்தார். வீட்டில் யாருக்கும் அவர் இதைச் சொன்னதில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. சின்னவள் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பியது. அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.