மஞ்சளாகக் கூடாத குழிகள்

நோயே காணாத கன்றுகளின் ரத்தமும் தட்டில் மஞ்சளாகிவிட்டது. அன்றைக்கே என் கணவர் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. வேறு யார் மேல் விழும்?

விஷயம் இதுதான். எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தொற்றுநோய் எதிர்ப்புச் சக்தித் துறையில், ஒரே ஒரு நிரந்தர ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. நாங்கள் இருவருமே அங்கே தற்காலிக ஆராய்ச்சியாளர்கள். அவருக்கு எலி, எனக்கு மாடு. இருவரும் விண்ணப்பித்தோம். யாருக்குக் கிடைத்தாலும் வீட்டுக்குத்தானே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டோம். கிடைக்காதவர் வருடக் கடைசியில் வீட்டில் உட்கார வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. உட்காரப்போவது யார் என்று என் மாமியார் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

நேர்முகத்தில் காட்ட என்னிடம் இருந்தது ஒன்றுதான். நுரையீரல் நோய் வந்த கன்றுகளின் ரத்தத்தில் அந்த நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடி இருக்கும், வராத கன்றுகளிடம் இருக்காது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சோதித்தால் முதல் வகை மஞ்சளாகும், இரண்டாம் வகை தண்ணீராட்டம் நிற்கும். நான் காய்ச்சலில் படுக்கும்வரை அப்படித்தான் நின்றது. எழுந்து வந்து போட்ட தட்டில் எல்லாமே மஞ்சள். மறுபடி போட்டேன். மறுபடியும் மஞ்சள்.

அதற்குப் பிறகு மனுஷன் தும்மினால்கூட அதில் கள்ளத்தனம் தெரிந்தது. கேட்காமலே பாத்திரம் தேய்த்தார். "தட்டெல்லாம் எப்படிப் போகுது?" என்று அக்கறையாக விசாரித்தார். நான் சமையலறைக்குள் வந்தால் போனை வைத்தார். தன் அம்மாவிடம் பேசும்போது எப்போதும் அப்படித்தான் வைப்பார், ஆனால் அதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

தங்கையிடம் புலம்பினேன். அவள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"மாமா பாத்திரம் தேய்க்கிறாரா? அப்ப என்னமோ இருக்குக்கா. எதுக்கும் உன் சாமானையெல்லாம் பூட்டி வை."

பூட்டினேன். என் ரத்த மாதிரிகள் இருந்த ஃப்ரிட்ஜுக்குப் புதுப் பூட்டு, சாவி என் கைப்பையில். "என்ன, திருட்டு பயமா?" என்று சிரித்தார். "ஆமா," என்றேன்.

பூட்டியும் மஞ்சள் விடவில்லை. கடைசியில் ரத்தமே சேர்க்காமல் ஒரு தட்டுப் போட்டேன். குழியின் சுவரில் கண்டது ஒட்டாமல் இருக்க முதலில் ஒரு கரைசலை ஊற்றிப் பூசுவோம். அதை மட்டும் ஊற்றி, மாட்டின் ஆன்டிபாடி எது ஒட்டியிருந்தாலும் மஞ்சளாக்கிக் காட்டும் மருந்தைச் சேர்த்தேன். பளிச்சென்று மஞ்சள். ஆக, மாட்டின் ஆன்டிபாடி இந்தக் கரைசலுக்குள்ளேயே இருக்கிறது. யாரோ ஊற்றாமல் அது எப்படி வரும்? பாட்டிலைத் திருப்பினேன். லேபிளில் அவர் கையெழுத்து.

பாட்டிலோடு நேராக அவருடைய எலி அறைக்குப் போனேன்.

"இதுல என்ன கலந்தீங்க?"

"அதுவா? நீ காய்ச்சலா கிடந்தப்ப நான்தான் போட்டேன். பழசு தீந்துபோச்சு. வந்ததும் நீ அலைய வேண்டாமேன்னு."

"என்ன கலந்தீங்கன்னு கேட்டேன்."

"பால்பவுடர். வேற என்ன? எலித் தட்டுக்கு நாங்க எப்பவும் அதானே போடுவோம்."

பசும்பால் பவுடர். அதில் பசுவின் ஆன்டிபாடி இல்லாமல் வேறு எதனுடையது இருக்கும்? எலியினுடையதைத் தேடுகிறவருக்கு அதனால் தொந்தரவே இல்லை. நானோ தட்டு முழுக்க மாட்டைப் பூசிவிட்டு, ஐயோ மாடு தெரிகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பால் எங்கேருந்து வருது?" என்றேன்.

திருதிருவென்று முழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "மாடு. அட மாடே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்நடைக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷன். அவரும் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்து ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டோம். என் புருஷன் அசடுதான், அயோக்கியன் இல்லை என்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவர் சிரிப்புதான் முதலில் நின்றது.

"அப்ப அந்தப் பூட்டு," என்றார். "எனக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினேன்.

"நான் வேணும்னே ஊத்தினேன்னு நினைச்சியா?"

"ஒரே வேலைக்கு ரெண்டு பேரும் நிக்கிறோம். அதான்..."

"சரி, விடு."

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் எழுந்துபோய் எலிகளுக்குத் தண்ணீர் மாற்ற ஆரம்பித்துவிட்டார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாட்டுச் சம்பந்தமே இல்லாத மீன் ஜெலட்டினில் நானே புதுக் கரைசல் போட்டேன். அடுத்த தட்டு நான் ஆசைப்பட்டபடியே வந்தது. நோய் கண்ட கன்றுகள் மஞ்சள், காணாத கன்றுகள் சுத்தமான தண்ணீர். யாரிடம் சொல்வது? அவரிடம்தான் சொல்லத் தோன்றியது. போன் போட்டேன்.

"கொஞ்சம் வாங்களேன். வந்து பாருங்க."

வந்தார். வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாங்கள் சேர்ந்து வேலை செய்த அறை அது.

"வாங்க," என்றேன்.

மேஜையருகே வந்து குனிந்து பார்த்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. வேலை உனக்குத்தான்," என்றார். மனசாரத்தான் சொன்னார், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. பார்த்து முடிக்கும்வரை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்.