அடியில் ஒரு வரிசைப் பூ

1

இந்தக் கதை ஒரு வெண்ணெய்க் கறையிலிருந்து வந்தது.

கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் கட்டுரைப் போட்டி வைத்து, நடுவராக என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பு, ‘அலங்காரமும் நவீனத்துவமும்’. கையால் எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை. கட்டடங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மழைக்கு ஒதுங்கலாம் என்பதுதான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். [பெருமைக்காக. இந்த வார்த்தையை அப்புறம் எடுத்துவிட வேண்டும்.]

வந்தவை பதினான்கு கட்டுரைகள். ஒன்பதாவதை எழுதியவள் ஐந்தாம் ஆண்டு மாணவி. அதன் நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தாள். ஒரே கோடு. அடித்த பிறகும் நன்றாகப் படிக்க முடிந்தது.

‘என் அக்கா கேக்கின் அடியில் க்ரீமால் ஒரு வரிசைப் பூ வைக்கிறாள், அது அழகு இல்லை, பொய்.’

அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு பிசுக்கு. முகர்ந்து பார்த்தேன். வெண்ணெய். (நடுவர்கள் இப்படியெல்லாம் செய்யலாமா என்று கேட்காதீர்கள்.)

அக்காவைப் பற்றி அந்தக் கட்டுரையில் வேறு ஒரு சொல்கூட இல்லை. எனவே இனி வரும் அக்கா நான் செய்தவள். தங்கையும் முக்கால்வாசி அப்படித்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பாலாடை போல் விரிந்து கிடந்த வெள்ளைச் சுவரின் முன்னால் அவள்—’

அடித்துவிட்டேன். அலங்காரம் பிடிக்காத பெண்ணின் கதையை உவமையோடு ஆரம்பித்தால் அவள் எழுந்து போய்விடுவாள்.

அடுத்தது: ‘சுவர் இருந்தது.’

ரொம்ப மொட்டை. இதற்கு நானே எழுந்து போய்விடுவேன்.

இப்போதைக்கு இது இருக்கட்டும்:

அக்காவும் தங்கையும் ஒரே மேஜையில் வேலை செய்தார்கள். ஒரு பாதியில் வரைபடத் தாள், மறு பாதியில் சுழலும் தட்டின் மேல் கேக். தாளில் மாவு படக் கூடாது, கேக்கில் ரப்பர் தூள் விழக் கூடாது என்று நடுவில் ஒரு டேப் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் தங்கை. தாண்டுகிறவள் அக்கா. சாப்பிடும் தட்டு மேஜை விளிம்புக்கு நேராக இல்லாவிட்டால் தங்கைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் வீட்டில் அவளுக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயர்: ‘ரசமட்டம்’.

ஏழு வருஷமாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுத்த அக்கா, இப்போது தெருமுனையில் ஓர் அறை எடுத்துக் கடை திறக்கப் போகிறாள்.

“ரசமட்டம், நீதான்டி என் கடைக்கு இன்ஜினியர்.”

“ஆர்க்கிடெக்ட்.”

“ஏதோ ஒண்ணு. கதவு திறக்கிற மாதிரி வை, போதும்.”

தங்கை அந்த அறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கூரை ஓரத்துப் பட்டை போயிற்று. ஜன்னல் சட்டத்துச் சுருள் போயிற்று. சுவரின் அடியில் தரையோடு ஓடிய மரப்பலகைப் பட்டையும் போயிற்று. ஒரு பொருள் எதுவோ அதுவாகவே தெரிய வேண்டும் என்பது ஐந்து வருஷப் படிப்பில் அவள் முழுசாக நம்பிய ஒரே விஷயம். அவள் வரைபடத்தில் சுவர்ப் பூச்சு தரையைத் தொடாமல் ஒரு விரல் அகலம் மேலேயே நின்றுவிடும். அந்த இடைவெளியில் நிழல் விழும். சுவர் மிதக்கும்.

“பாப்பா, இது பழைய கட்டடம்,” என்றார் மேஸ்திரி. “தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கு. அடியில பட்டை அடிச்சிட்டா தெரியாது.”

“தெரியணும்.”

“கோணல் தெரியணுமா?”

“கோணலே இருக்கக் கூடாது.”

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். “உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தானா?”

“ஐயோ, இவ ஒருத்திதாங்க. நாங்க சாதாரண ஜனங்க.”

* அலங்காரம் என்று நாம் சொல்வதில் பாதி, இரண்டு பொருள்கள் சரியாகச் சேராத இடத்தில் பிறந்தது. கதவின் சட்டமும் துணியின் ஓரத் தையலும் அப்படித்தான். இது என் ஞானம் இல்லை. அந்த மாணவி ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். நான்காம் பக்கத்தில் அவளுக்கு இது தெரியாது. இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

3

அக்காவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் பிரதியில் அவள் அந்த வாக்கியத்தைப் படிக்கிறாள், புன்னகைக்கிறாள், தங்கையின் தலையைக் கோதுகிறாள். [அடித்தாயிற்று.] ஏழு வருஷம் அதிகாலையில் எழுந்து முட்டை அடித்தவள், தன் வேலையைப் பொய் என்று எழுதியவளின் தலையைக் கோதுவாளா?

எனக்கும் ஓர் அக்கா உண்டு. என் முதல் கதையில் அவளைப் போட்டிருந்தேன், அவ்வளவு நல்லவளாக இல்லை. பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டு, “நல்லாருக்கு” என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருந்தது என்று இத்தனை வருஷமாக நானும் கேட்கவில்லை.

ஆகவே இந்த அக்காவுக்குக் கொஞ்சம் கோபம் கொடுக்கிறேன். என் அக்காவும் கோபப்பட்டிருக்கலாம். எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

4

கடை திறக்க இரண்டு நாள் இருந்தது. பூச்சு காய்ந்ததும் தங்கை தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். நிழல் கோடு வாசல் பக்கம் ஒரு விரல் அகலம். மறு கோடியில் மூன்று விரல். தரை இறங்கியிருந்ததை அந்தக் கோடு ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னது.

“இடிச்சிட்டுத் திரும்பப் பூசணும்,” என்றாள்.

“நாளன்னிக்குக் கடை திறக்கணும்டி.”

“தள்ளி வை.”

முந்தின நாள் வீட்டு மேஜையில் கடையின் வரைபடத்தைத் தேடியபோது, டேப்பைத் தாண்டி, கட்டுரையின் நான்காம் பக்கத்தை அக்கா படித்திருந்தாள். வெண்ணெய்க் கையோடு. தங்கைக்கு அது தெரியாது.

அக்கா வீட்டுக்குப் போய் ஒரு கேக்கைச் சுழலும் தட்டோடு எடுத்து வந்து புதுக் கல்லாவின் மேல் வைத்தாள்.

“இது நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டர். எப்படி இருக்கு?”

மேற்பகுதி வழவழவென்று இருந்தது. பக்கங்களும் அப்படியே. அடியில் மட்டும் எதுவும் இல்லை. கேக்கும் அட்டையும் சேருமிடத்தில் க்ரீம் ஓர் இடத்தில் பிதுங்கி, ஓர் இடத்தில் எட்டாமல், நடுவில் கத்தி நுழைந்த கீறலும் பழுப்புத் தூளுமாக இருந்தது.

“அடியில பூ வைக்கலையா?”

“பொய்யில்லாம செஞ்சிருக்கேன். நல்லாருக்கா?”

தங்கைக்குக் காது சூடாயிற்று. “அக்கா, அது கட்டுரைக்காக—”

“கட்டுரைக்காக. சரி. இதை யாரு வாங்குவாங்க சொல்லு.”

தங்கை தட்டைக் கல்லா விளிம்புக்கு நேராக நகர்த்தினாள்.

“சொல்லுடி, ஆர்க்கிடெக்ட்.” முதல் தடவையாகச் சரியாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. “ஆறும்போது கேக் சுருங்கும். அது என் தப்பா? கேக்கோட தப்பா? அட்டை தட்டை, கேக் தட்டை இல்ல. ரெண்டும் சேர்ந்து நிக்கணும்ல? அதுக்குத்தான் அந்தப் பூ. ஏமாத்துறதுக்கு இல்ல.”

அவள் தட்டை வேகமாகச் சுற்றினாள். கேக்கும் சேர்ந்து சுற்றியது, கீறலைக் காட்டிக்காட்டி.

தரையைத் தட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிராமலே சொன்னார். “என் சுவரும் அப்படித்தான் பாப்பா. நான் சொன்னா கேக்கல. கேக் சொன்னாவாவது கேளு.”

5

இங்கிருந்து எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

தங்கை கழற்றிய மரப்பலகைப் பட்டையைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தானே அடிக்கிறாள். கோணல் மறைகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இதில் அலங்காரம் ஜெயித்து, அவளுடைய ஐந்து வருஷம் தோற்றுப்போகிறது. ஒன்றும் வைக்காமல் ஒரு சுவரை நிறுத்தப் பார்ப்பதிலும் ஓர் அன்பு இருக்கிறது. [‘அன்பு’ என்பதற்கு வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.]

அக்கா சுவரின் அடியில் நீளத்துக்கும் க்ரீம் பூ வைக்கிறாள். இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். என் மகள் படித்துவிட்டு, “எறும்பு வரும்மா” என்றாள்.

மூன்றாவது: சுவர் அப்படியே நிற்கிறது, ஒரு விரலிலிருந்து மூன்று விரல்வரை. தங்கை க்ரீம் நிரப்பிய பையை வாங்கி, அந்தக் கேக்கின் அடியில் தன் வாழ்நாளின் முதல் பூவை வைக்கிறாள். அது பூவாக வரவில்லை.

“என்னடி இது, பல்லி மாதிரி இருக்கு?”

“கை நடுங்குது.”

“மேஸ்திரிக்கும் அப்படித்தான் நடுங்கியிருக்கும். அடுத்ததை வை. நிறுத்தாதே.”

இதில் எனக்கு ஆசை அதிகம். ஆசை அதிகமாக இருப்பதாலேயே நம்பிக்கை குறைவு. இப்படி எழுதி, பிளந்து நிற்கிற இடத்தின் மேல் நானும் ஒரு வரிசைப் பூ வைக்கிறேனோ?

6

முடிவுகளை ஒதுக்கிவிட்டுக் கட்டுரையையே மறுபடி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் நான்காம் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. அடித்த கோடு முழுக்கோடு இல்லை. வெண்ணெய் பட்ட இடத்தில் மை ஏறாமல் பேனா வழுக்கியிருக்கிறது. எழுத்து அதற்கு முன்பே காகிதத்தில் ஏறியிருந்ததால் கலையாமல் இருக்கிறது.

அப்படியானால் முதலில் வாக்கியம். பிறகு வெண்ணெய். அதற்கும் பிறகுதான் கோடு.

விரல் அக்காவுடையதாக இருக்கலாம். அல்லது தங்கையே வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு எழுதியிருக்கலாம். அப்போது நான் சொன்ன எதுவும் நடக்கவில்லை. கட்டுரையின் முதல் பக்கத்தில் அவளுடைய தொலைபேசி எண் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை. அதற்கு முன்னால் கூப்பிட வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. அதில் என் அக்கா எடுப்பாள்.

உங்களிடம் ஒரே ஒரு விவரத்தை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துகொள்கிறேன். கோடு ஏறாத இடம் ஒரு சொல் அளவுதான். அந்தச் சொல் ‘அக்கா’. தட்டு கோணலாக இருந்தால் சாப்பிடாத பெண், ஸ்கேலைத் திரும்ப வைத்து இன்னொரு தடவை இழுத்திருக்கலாம்.

இழுக்கவில்லை.