நாற்பத்தேழாம் இலக்கக் கடை

மூன்றாவது நாளும் அந்தப் பொடியன் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கடைகளின் மேல்மாடிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பேர்ணடெற் கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். கொட்டாஞ்சேனையின் பெரிய தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவளுடையது. கட்டடம் வாடகை, தொழில் அப்பாவுடையது.

பக்கத்து இரும்புக்கடை பௌஸி வாசலுக்கு வந்தார்.

"அக்கா, அவன் என்ட கடைக்கும் வந்தான். எந்த வருஷம் கட்டின, எண்பத்திமூணுல யாரு இங்க இருந்த எண்டெல்லாம் கேக்கிறான்."

"நீங்க சொன்னீங்களோ?"

"வாப்பா சொன்ன கதையெல்லாம் சொல்லிட்டேன். ஏன், பிழையா?"

பேர்ணடெற் கண்ணாடியை வெட்டத் திரும்பினாள். தமிழர் கடைகளை எரித்த எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் அவளுக்குப் பத்தொன்பது வயது. கும்பலுக்கு முன்னால் வந்தவன் கையில் தமிழரின் பெயர்களும் கடை இலக்கங்களும் எழுதிய ஒரு கடதாசி இருந்தது. அவன் கதவிலிருந்த இலக்கத்தைப் பார்த்தான், கடதாசியைப் பார்த்தான், சிங்களத்தில் "இதுதான்" என்றான். பௌஸியின் வாப்பாதான் அவளையும் அப்பாவையும் பின்சுவரால் இழுத்தெடுத்தார். எரிந்தது போகச் சுவர்கள் மிஞ்சின.

பின்னேரம் பொடியன் உள்ளே வந்தான்.

"வணக்கம் அன்ரி. நான் அனுஜன், வெள்ளவத்தை. கம்பஸில கட்டடக்கலை படிக்கிறன். இந்தத் தெருக் கடைகளின்ர வரலாறு எழுதுறம்."

"ஆருக்கு எழுதுறீர்?"

"லிஸ்ட் ஒண்டு போட்டு ஒஃபிஸில குடுப்பம் அன்ரி. இந்தக் கட்டடம்..."

லிஸ்ட் என்றதுமே அவள் அவனை முடிக்க விடவில்லை.

"இது புதுக் கட்டடம் தம்பி. எழுபத்தெட்டில கட்டினது. அதுக்கு முதல் வெறும் வளவு."

"முகப்பைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே. ஷுவரா?"

"நான் பொய் சொல்லுறன் எண்டுறீரோ?"

அவன் எழுபத்தெட்டு என்றே எழுதிக்கொண்டு போனான். பேர்ணடெற் கடையைப் பாதி சாத்திவிட்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் அவன் பின்னால் நடந்தாள். அவன் யாரையும் சந்திக்கவில்லை. மீன் வைத்த மாலுபணிஸ் ஒன்றைத் தின்று முடித்து பஸ் ஏறினான். அதுகூட அவளுக்கு நடிப்பாகத்தான் பட்டது.

ஒரு மாதம் கழித்து கட்டடச் சொந்தக்காரர் புஷ்பராஜ், அளக்கிற ஆட்கள் இரண்டு பேருடன் வந்தார்.

"ஆறு மாசத்தில கடையை விட்டு எழும்பிடுங்க. பத்து மாடி ஃபிளாட் வரப்போகுது."

"என்ன திடீரெண்டு?"

"உடைக்கக் கூடாத பழைய கட்டடங்கள் எண்டு லிஸ்ட் ஒண்டு வந்திருக்கு. பௌஸிட கடை அதில இருக்கு, இது இல்லை. எழுபத்தெட்டில கட்டினதாம்! ஆரோ புண்ணியவான் சொல்லியிருக்கிறான்." அவர் சிரித்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் பௌஸியிடம் அனுஜனின் நம்பரை வாங்கி போன் எடுத்தாள்.

"தம்பி, நான் உமக்குப் பொய் சொன்னனான். ஒருக்கா வாரும்."

அவன் வந்தபோதும் அவள் உடனே உள்ளே விடவில்லை. மாணவர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கை, தகப்பன் எங்கே வேலை என்று விசாரித்தாள். பௌஸியையும் கூப்பிட்டு இருத்தினாள். பிறகுதான் கடையின் பின்சுவரை மறைத்திருந்த பலகைகளின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினாள். அப்பா எண்பத்துநான்கில் அடித்த பலகைகள். அதற்குப் பிறகு அவற்றை யாரும் தொட்டதில்லை.

பலகைகளுக்குப் பின்னால் கரிக்கட்டையாய் ஒரு மரத்தூண். சுவர் கூரை வரைக்கும் கறுத்திருந்தது. உள்கதவு நிலைக்கு மேலே கல்லில் வெட்டியிருந்த 1911 மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

அனுஜன் கையிலிருந்த போனைத் தாழ்த்தினான். "இதையும் எழுதலாமோ அன்ரி?"

அவள் பௌஸியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"வருஷத்தை எழுதும். எரிஞ்சதையும் எழுதும். எங்கட பேரை மட்டும் எழுதாதையும்."

இரண்டு மாதத்தில் திருத்திய பட்டியலில் நாற்பத்தேழாம் இலக்கமும் சேர்ந்தது. புஷ்பராஜ் அளக்கிறவர்களை அனுப்புவதை நிறுத்தினார். கண்டால் கதைப்பதையும் நிறுத்தினார். பேர்ணடெற் தானே பட்டியல் போட்ட அலுவலகத்துக்குப் போய், வரிவரியாக விரல் வைத்து மூன்று தடவை வாசித்தாள். அப்பாவின் பெயரும் இல்லை, அவளுடைய பெயரும் இல்லை. இதை ஆர் ஆர் பார்க்கலாம் என்று கிளார்க்கிடம் சிங்களத்தில் கேட்டாள்.

யாரும் பார்க்கலாம் என்றான் அவன்.

அவள் கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு முதல் கடையைத் திறக்க பஸ் ஏறினாள்.