பதினோரு தொப்பிகளின் பழுதறிக்கை

என் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது எலும்பு மருத்துவர் சீட்டில் இரண்டு மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். வாயால் ஒரு யோசனையும் சொன்னார்.

"படுத்துக்கிட்டே இருந்தா வலியைப் பத்தியேதான் நினைப்பீங்க. உட்கார்ந்து செய்யற மாதிரி ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்குங்க."

மாத்திரை பத்து நாளில் தீர்ந்துவிட்டது. யோசனை இன்றுவரை எங்கள் சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

அவர் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய், கயிறு, சக்கரம், கதவு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, ஆள் ஏறலாமா கூடாதா என்று சீட்டு ஒட்டுகிற அரசாங்க வேலை. இடுப்பு பிடித்த மற்ற மனிதர்கள் குறுக்கெழுத்து போடுவார்கள், பழைய பாட்டு கேட்பார்கள், மிஞ்சிப் போனால் மனைவியோடு சண்டை போடுவார்கள். இவர் போனில் ஏதோ தேடப் போய், யாரோ ஒரு பெண்மணி ஆவியில் காட்டிக் காட்டிக் கம்பளித் துணியைத் தொப்பியாக மாற்றுவதைப் பார்த்துவிட்டார். மூன்று தடவை பார்த்தார். நான்காவது தடவை நோட்டும் பேனாவுமாகப் பார்த்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு மரத்தலை வந்தது. கண் மூக்கு இல்லாத, மொழுமொழுவென்ற தலை. அதற்கு ஃப்ரிட்ஜின் மேல் இடம் கொடுத்தார். பிறகு ஃபெல்ட் என்கிற கம்பளித் துணி, பசை, விளிம்புக்குக் கம்பி, ரிப்பன், இறகுகள், துணிப்பூக்கள் என்று சம்பந்தி வீட்டார் போல ஒவ்வொன்றாக வந்து இறங்கின. டீக்கு வெந்நீர் கேட்டால் கெட்டில் தொப்பிக்கு ஆவி பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் சோபாவில் உட்காருகிறவர்கள் முன்பெல்லாம் "அப்பாடா" என்பார்கள். குண்டூசிகள் குடியேறிய பிறகு "ஐயோ" என்றார்கள்.

முதல் தொப்பியை மரத்தலையிலிருந்து உருவி எடுத்த அன்று என்னைக் கூப்பிட்டார். கடுகு மஞ்சள் நிறம். பக்கவாட்டில் ஒரு ரிப்பன் முடிச்சு, முட்டைக்கோஸ் அளவில். சுற்றிலும் சட்டைப் பொத்தான்களால் செய்த பூக்கள்.

"உனக்குத்தான். எப்படி இருக்கு?"

நான் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். உள்ளே இருப்பதை உள்ளபடி காட்டுவது என் பிழைப்பு. ஆனால் இந்த மனிதர் இரண்டு மாதம் கூரையில் சுழலும் விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர். அன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டேன். இடது காதுக்குப் பின்னால் எதுவோ சுருக்கென்று குத்தியது.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றேன்.

நாட்டில் எத்தனையோ கேடுகள் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

அதன்பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. அவர் செய்த தொப்பிகளைத் தலையில் கட்டுவதற்கு ஆள் தேடினார். இந்த ஒரு விஷயத்தில் 'தலையில் கட்டுவது' என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. நன்றிக்கடனாக எலும்பு மருத்துவருக்குக் கருநீலத்தில் ஒன்று, நெற்றியில் மூன்று கோழி இறகுகளோடு. டவுனில் டிக்கெட் ஏஜென்சி வைத்திருக்கும் என் நாத்தனாருக்குத் துணித் திராட்சைக் குலை தொங்கும் வைக்கோல் தொப்பி. மேல் மாடியில் இருக்கும், கோர்ட்டில் முப்பது வருஷம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுக்கு, வலை போட்ட ஊதாத் தொப்பி. அலுவலகத்திலும் ஏழு பேர் தப்பவில்லை. எல்லாமாகப் பதினொன்று.

வாங்கியவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். "இந்த மாதிரி நான் எங்கேயும் பார்த்ததே இல்லை" என்றார் மருத்துவர். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. "ரொம்ப வித்தியாசமா இருக்குண்ணா" என்றாள் நாத்தனார். கோர்ட் அம்மா சாட்சி சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக, "வலை நல்லா இருக்கு" என்றார். வலையைத் தவிர மற்றதைப் பற்றி அவரிடம் யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

இடுப்பு சரியாகி அவர் வேலைக்குத் திரும்பி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் அவரே தட்டச்சு செய்து, உறையில் போட்டு, எல்லாருக்கும் அழைப்பிதழ் அனுப்பினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் கைவினைத் தொப்பிக் கண்காட்சி. 'நான் அன்போடு அளித்த தொப்பியை அணிந்து வருமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.' ஓர் அரசாங்க ஊழியர் ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவை அன்பு வைத்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு உறைக்கவில்லை.

மறுநாளே நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அந்தத் தொப்பிய வந்து... துவைக்கப் போட்டிருக்கேன்."

"வைக்கோல் தொப்பியையா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய சாமான் கடை இருக்கில்ல? அங்க கொடுத்துட்டேன். ஆபீஸ்ல மாட்டி வெச்சிருந்தேன், வர்றவங்க எல்லாம் டிக்கெட்டை விட்டுட்டு திராட்சையைப் பத்தியே கேட்டாங்க."

"கூடப் பிறந்தவர் ஆசையா செஞ்சு கொடுத்ததை இப்படியா பண்ணுவே?" என்று நான் அவளை ஒரு பிடி பிடித்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவு தார்மீகக் கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. என் கடுகு மஞ்சள் தொப்பியையும் அதே கடையில்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் கொடுத்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்ல அப்போது சந்தர்ப்பம் அமையவில்லை.

மறுநாள் மாலை, வேலை முடிந்த கையோடு அந்தக் கடைக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல் மீட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று திட்டம். நல்ல திட்டம்தான். அதே திட்டம் இன்னும் மூன்று பேருக்கு இருந்ததுதான் குறை.

பழைய கோட்டுகள் தொங்கும் வரிசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கொண்டை தெரிந்தது. கோர்ட் அம்மா.

"நீங்களா? நான் சும்மா... பூந்தொட்டி பார்க்க வந்தேன்," என்றார். கோட்டுகளுக்கு நடுவே பூந்தொட்டி தேடுகிறார், பாவம். பாத்திர அலமாரிப் பக்கம் மூக்கு வரை முகமூடி போட்டுக்கொண்டு ஒருவர் வாணலியைத் தீவிரமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அந்த நெற்றி வழுக்கையை எந்த முகமூடியும் மறைக்க முடியாது. எலும்பு மருத்துவர். நான் திரும்புவதற்குள் கதவு திறந்து நாத்தனார் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். நேற்றைய என் கோபத்தை நினைத்துப் பார்த்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணி... நீங்களுமா?"

"வீட்டுல இடமில்லம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல?

நான்கு பேரும் ஒன்றாகக் கல்லாவுக்குப் போனோம். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த கடைக்காரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொப்பிங்களா? அது இங்க தங்கறதே இல்லையே. வந்த வாரமே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிடுவார். எல்லாத்தையும் அவர்தான் வாங்கினார்."

"எல்லாத்தையுமா? யாரு?" என்றார் மருத்துவர்.

"பேர் தெரியாது. தங்கமான மனுஷன். இதை யார் கொடுத்தாங்கன்னு மட்டும் கேப்பார். நான் நோட்டைப் பார்த்துச் சொல்லுவேன். போன தடவை வந்தப்போ எங்க சாமான் தூக்கற லிஃப்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, கயிறு தேய்ஞ்சிருக்கு, மாத்துங்கன்னு சொல்லிட்டுப் போனார்."

 மருத்துவர் முகமூடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இனி யாரிடமிருந்து மறைப்பது?

அந்த வாரம் முழுவதும் நான் வீட்டில் அவர் முகத்தைப் படித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டார், சிரித்தார், "ஞாயித்துக்கிழமை போட்டுக்க உன் தொப்பி தயாரா?" என்று கேட்டார். "ம்," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு பல் தேய்க்கப் போனார். இப்படி ஒரு கல்லுளிமங்கனோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கப்பட்ட அத்தனை பேரும் வந்தார்கள். ஒரு தலையிலும் தொப்பி இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் போலச் சுவரோரமாக நின்றோம். கூடத்தில் நீள மேஜை. அதன்மேல் கவிழ்த்த பூச்சாடிகளிலும் பாட்டில்களிலும் பதினோரு தொப்பிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை. அவர் லிஃப்ட்டில் ஒட்டுகிற அதே ஆய்வுப் படிவம்.

மருத்துவர் தம்முடையதைச் சத்தமாகவே படித்தார். "பெற்றவர்: எலும்பு மருத்துவர். கடைக்குச் சென்றது: எட்டாம் நாள். பழுது: முன்விளிம்பு இறங்கிக் கண்ணை மறைத்தல். அணிந்து பணிபுரிந்தால் வலது காலுக்குப் பதில் இடது காலுக்குக் கட்டுப் போடும் அபாயம். நடவடிக்கை: விளிம்பு குறைக்கப்பட்டது, இறகுகள் இரண்டு நீக்கப்பட்டன." படித்து முடித்துவிட்டு அவரே முதலில் சிரித்தார். வேறு வழியும் இல்லை.

நாத்தனாரின் அட்டையில், 'பழுது: திராட்சை. நடவடிக்கை: திராட்சை நீக்கம்' என்று மட்டும் இருந்தது. குலை போயிருந்தது. அதன் இடத்தில் ஒரே ஒரு பச்சை இலை. கோர்ட் அம்மாவின் தொப்பியில் வலையைத் தவிர மற்ற எல்லாமே புதிது.

என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"முதல் தடவை ஒரு தொப்பியை அந்தக் கடைக் கண்ணாடிக்குள்ள பார்த்தப்போ கஷ்டமாத்தான் இருந்தது. ரெண்டாவதைப் பார்த்தப்போ கோபம் வந்தது. ஆறாவது வந்தப்போ யோசிச்சேன். லிஃப்ட் நின்னு போனா லிஃப்டைத்தானே திறந்து பார்க்கறோம், உள்ள மாட்டிக்கிட்டவங்களைத் திட்டறதில்லையே? வாங்கிட்டு வந்து பிரிச்சுப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்பு இருந்தது. நீங்க யாரும் சொல்லல, தொப்பி சொல்லிடுச்சு. போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார்கள். கேலி செய்ய ஒன்றும் கிடைக்காததில் எனக்கே ஏமாற்றம்தான். மருத்துவர் கருநீலத் தொப்பியில் பத்து வயது குறைந்து, நம்பிக்கையான ஆள் போலத் தெரிந்தார். கோர்ட் அம்மா ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றார், கழற்றவே இல்லை. நாத்தனார் இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதை நான் எடுத்துட்டுப் போகவா?" என்றாள்.

"கூடாது," என்றார். "பார்க்கறதுக்கு மட்டும்தான்."

"எனக்குக் கொடுத்ததுதானே?"

"கொடுத்தேன். நீ கடைக்குக் கொடுத்தே. கடை எனக்குக் கொடுத்தது. அதோட முடிஞ்சுது."

நாத்தனார் கெஞ்சினாள், மருத்துவர் பேரம் பேசினார், கோர்ட் அம்மா சட்டம் பேசினார். அவர் எதற்கும் அசையவில்லை. இத்தனை மாதம் ஆள் பிடித்துத் தலையில் கட்டியவர், கேட்டு நிற்கும் ஆட்களுக்கு இல்லை என்று சொல்லும்போது எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பதை நான் எழுதினால் குடும்பக் கௌரவம் கெடும்.

நான் மேஜையின் கடைசிக்குப் போனேன். கடுகு மஞ்சள், முட்டைக்கோஸ், பொத்தான் பூக்கள். ஒரு தையல்கூட மாறவில்லை.

'பெற்றவர்: மனைவி. பழுது: தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு என்றே பதில். நடவடிக்கை: இல்லை.'

இரண்டு தடவை படித்தேன். மற்றவர்களின் தொப்பிகளைப் பிரித்துப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தவருக்கு என்னுடையதில் மட்டும் கண்டுபிடிக்கத் தெரியாமலா போயிருக்கும்? அவர் பிரிக்கவில்லை. காத்திருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியை எடுத்து உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். 

"குத்துது," என்றேன்.

"எங்க?"

"இடது காதுக்குப் பின்னாடி. கம்பி முனை வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. முதல் நாளே குத்திச்சு."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "வேற?"

"அந்த முடிச்சு. அதைப் போட்டுக்கிட்டு பஸ்ல ஏறினா ரெண்டு சீட் வேணும்."

எழுதினார். "வேற?"

"இந்தக் கலர்ல நான் மஞ்சள் காமாலை வந்தவ மாதிரி இருக்கேன்."

பேனா நின்றது. "அது எனக்கு ரொம்பப் பிடிச்ச கலராச்சே."

"அப்ப நீங்க போட்டுக்குங்க."

முகம் சுண்டிப் போயிற்று. கம்பியையும் முடிச்சையும் தாங்கிக்கொண்ட மனிதரால் கலரைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் எழுதினார், கொஞ்சம் அழுத்தி. பிறகு கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, அத்தனை பேருக்கும் நடுவில் என் தலையைச் சுற்றினார். நெற்றியிலிருந்து பின்னந்தலை வரைக்கும் விரல்கள் மெதுவாகப் போயின.

"போன தடவை நான் அளக்கவே இல்ல," என்றார் தணிந்த குரலில். "ஃப்ரிட்ஜ் மேல இருக்கற தலையும் உன் தலையும் ஒரே அளவுன்னு நினைச்சுட்டேன்."

"அதுவும் பதில் பேசாது, நானும் உண்மையைச் சொல்லல. நினைச்சதுல தப்பில்ல," என்றேன்.

சிரித்தார். அளவைக் குறித்துக்கொண்டார். நாடாவைச் சுருட்டும்போது ஏதோ தோன்றியவர் போல என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்ப குளிக்கறப்ப நான் பாடறது?"

நான் மருத்துவர் நின்ற பக்கம் திரும்பி, அந்தக் கருநீலம் அவருக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லப் போய்விட்டேன்.