உலகமெல்லாம் சக்களத்திகள்

ஒரு ஜெபத்தின் விலை அன்று காலை ஒரு கோழியாக இருந்தது. எதிர்வீட்டு வெத்துரியா அதைக் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சவேத்தா அக்கா, அண்ணனுக்கு மூச்சு இருக்கும்போதே என் பையனுக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. இத்தாலியில லாரி ஓட்டுறான்."

சவேத்தா கோழியின் மார்பை அழுத்திப் பார்த்தாள். ஒராடியா நகரச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்ற கை; சாவு நெருங்கிய வீட்டிலும் எடை பார்த்தது.

"ஏன், உங்க கோயில் பாதிரியார் என்ன ஆனார்?"

"அவர் ஒரு கோழியோட விடமாட்டாரு அக்கா."

ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, அவள் கணவர் தியோஃபிலின் கட்டிலை அடுப்படிக்கே கொண்டுவந்திருந்தார்கள். அவர் வெத்துரியாவின் மகனைப் பெயர் சொல்லி ஜெபித்தார். யாரும் கேட்காமலே இத்தாலியையும் சேர்த்துக்கொண்டார். வெத்துரியா அழுதுகொண்டே போனாள். சவேத்தாவுக்கு வயிறு எரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்தே எரிகிறது. காலையில் ரேடியோவில் செய்தி முடிந்ததும் தியோஃபில் முழங்காலிடுவார். நாளுக்கு ஒரு தேசத்துக்காக ஜெபம். அவர்கள் சபையைப் பூட்டி, அவரையும் ஜெயிலில் வைத்த அரசாங்கத்துக்காகக்கூட ஜெபித்தார். யாரை எப்போது நாற்காலியிலிருந்து இறக்குவது என்பது கர்த்தர் பாடு, கேட்பது நம் பாடு என்பார். அவர்கள் சபையில் ஜெபம் என்றால் வாய்விட்டுத்தான். வாயில் வராதது மனதிலும் இல்லை என்பது சவேத்தாவின் கணக்கு.

அவளுக்கு வேறு பெண்கள்மேல் பொறாமை வந்ததில்லை. பராகுவேமேல் வந்தது.

இன்று கேட்காவிட்டால் இனிக் கேட்க ஆளிருக்காது. கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏ கிழவா, அந்த பராகுவே உனக்குச் சட்டை துவைச்சுச்சா? கஞ்சி வச்சுச்சா?"

"என்ன பேச்சு இது?"

"என் பேரு ஒரு தடவையாவது உன் ஜெபத்துல வந்திருக்கா? எனக்கு ஆபரேஷன் அன்னைக்குக்கூட நீ சிலி நாட்டுக்காகத்தான் முழங்கால்ல நின்ன."

தியோஃபில் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"நாடுங்களை என்னால பார்த்துக்க முடியாது. அதான் அவர்கிட்ட ஒப்படைச்சேன். உன்னை..." மூச்சு வாங்கியது. "ஒப்படைச்சுட்டா அப்புறம் அவர் இஷ்டம். எடுத்துக்கிட்டார்னா? உலகத்தையே நம்பிக் குடுத்தவன், உன்னை மட்டும் குடுக்கல. நானே வச்சுக்கிட்டேன்."

சவேத்தா ஏற்கெனவே நேராக இருந்த போர்வையை இழுத்து நேராக்கினாள்.

"இப்ப உன்னையும் குடுத்துடணும்," என்று அவர் விரல்களைக் கோத்தார். "ஆண்டவரே, என் ச..."

"இரு, இரு. இன்னைக்கு எந்த நாடு?"

"மங்கோலியா."

"முதல்ல அதை முடி. வரிசையில நிக்கிறவங்களை விட்டுட்டு வீட்டு ஆளுக்கு அளந்தா சந்தையில அடிப்பாங்க."

அவர் சிரித்தது மூச்சாகத்தான் வந்தது. பிறகு மங்கோலியாவின் அதிகாரிகளுக்கு நியாய புத்தி கேட்டார். ஆட்டு மந்தைகள் பனியில் சாகாமலிருக்கக் கேட்டார். குதிரைகளுக்கு என்று தொடங்கினார். என்ன வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவர் சொல்வாரென்று சவேத்தா காத்திருந்தாள். அடுப்பில் சோளக் களி அடிப்பிடித்துக் கருகும்வரை காத்திருந்தாள்.

கல்லறையில் சபையின் பாண்டு வாத்தியம் ஓய்ந்ததும் மூப்பர் பேசினார்: "நம்ம சகோதரர் ஒரு தேசத்தையும் விட்டுவைக்கல."

வெத்துரியா அவள் காதருகே வந்தாள். "குடுத்து வச்சவ அக்கா நீங்க. ஊருக்கே இவ்வளவுன்னா, உங்களுக்காக எவ்வளவு ஜெபிச்சிருப்பாரு."

"எனக்கா? ஒரு வார்த்தை கிடையாது."

வெத்துரியாவின் முகத்தில் இரக்கம் வந்தது. சவேத்தா அதைத் திருத்தவில்லை. தலைத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள், நல்ல விலைக்கு விற்ற நாளில் செய்வதைப்போல.

மறுநாள் காலை ரேடியோவை நிறுத்திவிட்டு முழங்காலிட்டாள். குதிரைகளுக்குப் புல் கேட்டாள், வாய்விட்டே. தண்ணீரும் கேட்டாள். ஆமென் சொன்னாள். இன்னும் ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டு எழுந்து, அடுப்பில் விறகு வைத்தாள்.

மங்கோலியா தீர்ந்தது. அவர் பாதியில் விட்ட ஒரு பெயர் பாக்கி.