பஞ்சாய் அமுங்கிய பெடல்

வீட்டில் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் அவனுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் போல்ட்டு. வயது இருபத்தைந்து. அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அவன் இருந்த இடம், பிறந்த வீட்டிலிருந்து இரண்டு விமானம் மாறி வரவேண்டிய தூரத்தில், ஐந்து மாடிக் குடியிருப்பின் பின்பக்கத்தில், இருபத்திரண்டு வயதான ஒரு காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையில்.

கார் அவனைவிட மூன்றே வயது சின்னது. அடம்பிடிப்பதில் மட்டும் அவனுக்கு மூத்தது. குளிர் அடித்தால் கிளம்பாது, மழை பெய்தால் கண்ணாடி ஏறாது, சரி போகட்டும் என்று கண்டுகொள்ளாமல் விட்டால் உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்கும். அதனால்தான் அவனுடைய அறைத்தோழன் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தான்.

அறைத்தோழனின் பெயர் கொட்டாவி. ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். இன்றைக்குத் தூங்க வேண்டியவன், போல்ட்டு கையைப் பிடித்துக் கெஞ்சியதால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"மாமியாருக்குக் கால் பிடிச்சுவிடற மருமகனை இன்னைக்குத்தான்டா பாக்கறேன்."

"பேசாம பெடலை அமுக்குடா. மூணு மணிக்கு டெஸ்ட்."

அந்த மூன்று மணியில்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் ஒரு ஆஸ்பத்திரி சமையலறையில் தட்டுக் கழுவியவன், இடையிடையே படித்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளின் புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலைக்குத் தேறியிருந்தான். திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஓடுவதற்கு லாயக்கானது என்று சான்றிதழ் வாங்கிய சொந்த வண்டி வேண்டும். அந்தக் காகிதம் இன்று மாலை ஐந்து மணிக்குள் வந்து சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று அலுவலகத்து அம்மாள் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள். வெண்ணெய் திரண்டு வருகிற நேரம். தாழி மாமியாரின் கையில்.

வண்டியில் மற்றதெல்லாம் சரி. முன் சக்கரங்களின் பிரேக்தான் தகராறு. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் என்கிற இரும்புக் கவ்வி துருப்பிடித்து இறுகிவிட்டது, இரண்டு சக்கரத்திலும். பழைய இரும்புக் கடைக்காரர் அதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய ஒரு ஜோடியைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். அதை மாட்டி முடித்துவிட்டான். இனி குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவன் பெடலை அமுக்க, இன்னொருவன் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட, எண்ணெயோடு காற்றுக் குமிழி வெளியே வரும். குமிழி நின்றால் வேலை முடிந்தது. இரண்டு பேருக்கு அரை மணி நேர வேலை.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்."

"பிடி... பிடி... மூடிட்டேன். விடு."

"விட்டாச்சு."

"இப்ப எப்படி இருக்கு?"

"தலையணை மாதிரி இருக்கு. சாஞ்சு தூங்கலாம் போல."

பிரேக் பெடல் என்றால் பாதியில் கல்லாய் நிற்க வேண்டும். இது பஞ்சாய் அமுங்கித் தரை வரைக்கும் போனது. இன்னொரு தடவை செய்தார்கள். இன்னொரு தடவை. இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது. நிப்பிளிலிருந்து குமிழியே இல்லாமல் சுத்தமான எண்ணெய் வந்தது. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது. பிரேக் எண்ணெய் ஒரு டப்பா காலி, இரண்டாவதும் பாதிக்கு வந்துவிட்டது. மணி ஒன்று ஆகப்போகிறது. நடுவில் ஒரு தடவை "அமுக்கு" என்று கத்திக் கத்திப் பார்த்தும் பதில் வராமல் எட்டிப் பார்த்தால், கொட்டாவி ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருந்தான்.

"டேய்!"

"முழிச்சுட்டுத்தான்டா இருக்கேன். கண்ணை மட்டும்தான் மூடினேன்."

போல்ட்டுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கை முழுக்க எண்ணெய். போனைத் தரையில் வைத்து, முழங்கையால் தட்டி, வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் பேசியே எழுத்தாக்கினான். "எல்லாருக்கும். பிரேக் பிடிக்கல. காத்து வரல, பெடலும் நிக்கல. என்ன தப்புன்னு தெரியல. மூணு மணிக்கு டெஸ்ட். அம்மாகிட்ட மெதுவா சொல்லுங்க." அதோடு, பழையதைக் கழற்றுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த படங்களையும் அனுப்பினான். யாருக்கு என்ன புரியப்போகிறது? மனசு ஆறட்டும் என்றுதான்.

மூன்றாவது நிமிடம் அக்கா கூப்பிட்டாள். அவளுக்குத் தையல் கடை. காரின் எந்தப் பக்கம் இஞ்சின் என்று கேட்டால் தெரியாது.

"அழுதியாடா?"

"இல்லக்கா. எண்ணெய் கண்ணுல பட்டுச்சு."

"சரி, பட்டுச்சு. நீ அனுப்பின படத்துல பக்கத்துல கழட்டிச் சாச்சு வச்ச டயர்ல ஏதோ எழுதியிருக்கே, அது ஏன்டா கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பியிருக்கு?"

"என்னது?"

"எழுத்துடா. டயர்ல இருக்கற கம்பெனி எழுத்து. வலமிருந்து இடமா ஓடுது. எந்த கேமராவுல எடுத்த?"

போல்ட்டு விழித்தான். போன வாரம்தான் ஸ்பேனர் விழுந்து போனின் பின்பக்கக் கேமரா சில்லுச் சில்லாகிவிட்டது. அதனால் செல்ஃபி எடுக்கும் முன்பக்கக் கேமராவைக் காலிப்பருக்கு நேராகக் காட்டி, திரையைப் பார்க்காமலே எடுத்திருந்தான்.

"செல்ஃபி கேமராவுலக்கா."

"போச்சு போ! அது இடத்தை வலமாக்கும்டா, வலத்தை இடமாக்கும். போன மாசம் ஒருத்தி சட்டை மாடல் வேணும்னு இப்படித்தான் செல்ஃபி எடுத்து அனுப்பினா. நானும் படத்தைப் பாத்துப் பாக்கெட்டை வலது பக்கம் வச்சுத் தெச்சேன். கடைக்கு வந்து நின்னு, என்னக்கா ஊரெல்லாம் இடப்பக்கம் வைக்குது, எனக்கு மட்டும் இப்படின்னு கேக்கறா. பூரா பிரிச்சேன். அது கிடக்கட்டும். நீ இந்தப் படத்தைப் பாத்தா அந்த இரும்பை மாட்டின?"

ஆமாம். கடைக்காரர் கொடுத்த இரண்டு காலிப்பரிலும் இடது, வலது என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. படத்தில் குழாய் மாட்டும் துளை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதே பக்கம் துளை உள்ளதைத் தேடி எடுத்து, இது இடது, இது வலது என்று மாட்டியிருந்தான். படமே புரண்டிருந்தால், இடது வலதில், வலது இடதில்.

அவன் உருண்டு போய் நிப்பிளைப் பார்த்தான். கீழே இருந்தது. காலிப்பரின் அடிப்பாகத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு. காலையில் மாட்டும்போதே பார்த்தான். கைக்கு வசதியாகக் கீழே வந்திருக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டான். பழைய காலிப்பர்களில் அது எங்கே இருந்தது என்று யோசிக்கவே இல்லை. அங்கே சேறு மூடியிருந்தது.

"அக்கா! காத்து மேலதானே நிக்கும்?"

"தண்ணி பாட்டிலைக் கவுத்தா குமிழி எங்க போகும்? மேலதான் போகும். இதுக்கு என்னைக் கேக்கணுமா?"

"நிப்பிள் கீழ இருக்குக்கா! நான் அடியில ஓட்டை போட்டு எண்ணெயை மட்டும் வடிச்சுட்டு இருந்திருக்கேன். காத்து மேல சொகுசா உக்காந்திருக்கு!"

"அப்ப மாத்து. இந்தக் கையை அந்தத் தோள்லயும் அந்தக் கையை இந்தத் தோள்லயும் வச்சுத் தெச்சிருக்க. பிரி."

"மணி ஒண்ணு பத்துக்கா."

"அதுக்கு ஏன் என்கிட்ட பேசிட்டிருக்க? வை போனை!"

அதற்கப்புறம் அந்த வண்டி நிறுத்துமிடம் போர்க்களம் ஆனது. கொட்டாவியின் தூக்கம் எங்கே போனதோ, அவன் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதில் ஆஸ்பத்திரி நர்ஸைத் தோற்கடித்தான். "பதினாலு!" என்றால் பதினாலு கையில். "துணி!" என்றால் துணி. குழாயைக் கழற்றினால் எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. இடதிலிருந்து எடுத்ததை வலதுக்கு, வலதிலிருந்து எடுத்ததை இடதுக்கு. மாட்டிப் பார்த்தான். நிப்பிள் இரண்டும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றன. போல்ட்டு கத்தினான்.

"பாருடா! நிமிந்து நிக்குது பாரு!"

"மாமியார் தலை நிமிந்தா மருமகன் தலை குனியணுமே."

"நான் காலுலயே விழறேன்டா. உக்காரு, அமுக்கு!"

"அமுக்கிட்டேன்!"

நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் பிளாஸ்டிக் குழாயில் காற்று சீறிக்கொண்டு வந்தது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, நுரை நுரையாக, குமிழி குமிழியாக. காலையிலிருந்து ஒளிந்திருந்தது மொத்தமும் வரிசையில் வந்தது. போல்ட்டு ஒவ்வொன்றுக்கும் "வா ராசா, வா" என்றான்.

"யாரோட பேசற?"

"காத்தோட. விடு! மறுபடி அமுக்கு!"

எட்டாவது அமுக்கில் குமிழி சின்னதானது. பத்தாவதில் நின்றது. மறுபக்கமும் அப்படியே. எண்ணெய் டப்பாவில் அடி தெரிய ஒரு விரல்கடை மிச்சம்.

"இப்ப?"

உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுபடி தூங்கிவிட்டானா?

கொட்டாவி கதவைத் திறந்து தலையை நீட்டினான். கண் விரிந்திருந்தது. "போகமாட்டேங்குதுடா."

"என்னது?"

"பெடல். பாதியில நிக்குது. சுவரை மிதிக்கற மாதிரி இருக்கு!"

இரண்டு பேரும் அந்தத் தார்த் தரையில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மூன்றாம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள், பைத்தியம் முற்றிவிட்டது என்பதுபோல் ஜன்னலைச் சாத்தினாள். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கி, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து, நிறுத்துமிடத்துக்குள்ளேயே நடைவேகத்தில் ஓட்டி மிதித்தான். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. டேஷ்போர்டில் இருந்த டப்பா கொட்டாவியின் மடியில் விழுந்தது. மணி இரண்டு முப்பத்தைந்து.

பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பரிசோதகர் வாயைத் திறக்காத மனிதர். விளக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், அடியில் போய்த் தட்டினார். ஒவ்வொரு தட்டலும் போல்ட்டின் விலா எலும்பில் விழுந்தது. கடைசியில் முன் சக்கரங்களைத் தரையில் பதித்த உருளைகளின் மேல் ஏற்றி, உருளையைச் சுழலவிட்டு, பிரேக்கை மிதித்தார். சுவரில் இரண்டு முள். இடது முள் கிளம்பியது. வலது முள் கிளம்பியது. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, ஒட்டிப்பிறந்ததுபோல், பச்சைக் கட்டம் வரை ஏறி நின்றன.

பரிசோதகர் முதல் முறையாகப் பேசினார். பிரேக் வேலை யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றான் போல்ட்டு. அவர் அவனுடைய கறுத்த கைகளைப் பார்த்தார். தலையாட்டினார். வைப்பர் ரப்பரை மட்டும் சீக்கிரம் மாற்று என்று சொல்லி, காகிதத்தில் முத்திரை குத்தினார்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் சான்றிதழை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். நான்கு இருபதுக்குப் போனில் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் வீடு, கால் புண்ணோடு இருக்கும் ஒரு பெரியவர், முகவரி கீழே. போல்ட்டு அந்த முகவரியை நாலு தடவை படித்தான். பின்சீட்டில் கொட்டாவி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அக்காவைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான், எடுக்கவில்லை. சந்தோஷத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுக் குழுவைத் திறந்தான். கை இன்னும் எண்ணெய்தான். மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

"டெஸ்ட் பாஸ். வேலையும் கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரறேன். அம்மாகிட்ட சொல்லுங்க, நான் மத்தியானம் சாப்பிடல, இப்ப சாப்பிடப் போறேன், கவலைப்பட வேண்டாம். அக்கா சொன்னதுதான் சரி, இடமும் வலமும் மாத்தித்தான் மாட்டியிருந்தேன். அக்கா போனை எடுக்கல. தையல்ல இருப்பா போல. இதை யாரு முதல்ல படிச்சாலும் சரி, கொஞ்சம் எழுந்து அக்கா கடை வரைக்கும் நடந்து போய் அவகிட்ட நேர்ல சொல்லிட்டு வாங்க."