கண்ணில்லாத ஒன்று அழுத பக்கம்

பக்கம் நூற்றுப் பன்னிரண்டில் அது அழுதது. அதற்குக் கண்ணே கிடையாது.

நான்கு வருஷம் உட்கார்ந்து நான் உருவாக்கிய ஜீவன் அது. கண் இல்லை, ஆறு கால், ரத்தத்துக்குப் பதிலாக உப்புத் தண்ணீர். அதைப் போய், 'கண்கள் குளமாயின, பெற்ற வயிறு பற்றி எரிய ஒருமுறை திரும்பிப் பார்த்தது' என்று யாரோ எழுதி, என் பெயரில் அச்சடித்திருந்தார்கள். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதிப்பது என் வேலை. காலையில் வந்த பார்சலை மேசையிலேயே பிரித்தேன். சோதிக்க வேண்டிய பதினெட்டு பாட்டில்கள் எதிரே வரிசையாக நின்றன. பக்கத்து மேசைக்காரியிடம், "கொஞ்சம் பாத்துக்கோ, ஒருத்தரை நேர்ல கேக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்தது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

என் கதையில் வருபவை தண்ணீரில் கரைந்த உப்பை வைத்தே உலகத்தை அறிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி உப்பு. குஞ்சு பிறந்ததும் ஈன்றது ஒரு பருவம் அதனுடன் இருக்கும். பிறகு வளர்க்கப்போவதிடம் விட்டுவிட்டு மறுகரைக்குப் போய்விடும். திரும்ப வராது. இரண்டு உப்பு கலந்த தண்ணீரில் எதன் பின்னால் போவதென்று குஞ்சுக்குத் தெரியாது. நடுவில் நின்று, இரை எடுக்காமல் இளைத்துச் செத்துப்போகும். அதனால் அங்கே விட்டுப்போவது குற்றமில்லை, அதற்கு ஒரு சொல்கூட அவற்றிடம் இல்லை. குற்றம் ஒன்றுதான். திரும்புவது. போகிற வழியில் ஒருமுறை திரும்பினாலே தண்ணீர் கலங்கும், போன உப்பு மறுபடி குஞ்சை எட்டும். ஒரு ஜீவராசி எதற்கு வெட்கப்படும், எதைப் பெரிதாக மதிக்கும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது அது. பதிப்பாசிரியர் என்ற அந்தப் புண்ணியவான் நாலே வாக்கியத்தில் ஈன்றதைத் திரும்ப வைத்துவிட்டார். அவருக்கு அது கருணை. என் உலகத்தில் அது கொலை.

இதை ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. என் மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது நான் வீட்டை விட்டுப் போனேன். புருஷன் அடிச்சானா, குடிச்சானா என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டும் இல்லை என்றதும் அவர்களுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான். மகள் அவள் அத்தையிடம்தான் சாப்பிடுவாள், அத்தை பக்கத்தில்தான் தூங்குவாள். நான் ஒரு பக்கம் இழுக்க, அத்தை ஒரு பக்கம் இழுக்க, பிள்ளை நடுவில் நின்று பேசுவதையே குறைத்துக்கொண்டாள். நான் போனேன். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. வருஷத்துக்கு இரண்டு போன். "நல்லா இருக்கேன், நீங்க?" அதற்கு மேல் பேச்சு போகாது. போன மாதம், "ஒரு கதை எழுதியிருக்கேன், அனுப்பினா படிப்பியா?" என்று கேட்டேன். "பாக்கறேன்" என்றாள். அவளிடம் நேரில் சொல்ல வாய் வராத ஒன்றை அந்தப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

பதிப்பகம் இரண்டாவது மாடியில் இருந்தது. படியிலேயே பசை வாடை அடித்தது. பதிப்பாசிரியரின் அறையில் என் புத்தகம் கட்டுக்கட்டாகச் சுவர் ஓரம் அடுக்கியிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்கம்மா! என்ன, ஊசி போட வந்த மாதிரி வந்திருக்கீங்க?"

"சார், கண்ணே இல்லாததுக்கு எப்படி சார் கண் குளமாகும்?"

"அதுவா... அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

"யாரு பேச்சுக்கு?"

அவர் டீ சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் நிதானமாக ஆரம்பித்தார்.

"நீங்க எழுதினதை நான் குறை சொல்லல. ஆனா பெத்தது விட்டுட்டுப் போகுது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. படிக்கிறவங்க எப்படிம்மா ஏத்துப்பாங்க?"

"ஆறு கால் இருக்கு, ஏத்துக்கிட்டீங்க. ரத்தம் இல்ல, ஏத்துக்கிட்டீங்க. வானத்துல ரெண்டு சூரியன் இருக்கு, எப்ப விடியும்னுகூட நீங்க கேக்கல. பெத்தது அழல. அது மட்டும் உங்களால தாங்க முடியல, இல்ல?"

"அண்டத்துல எந்த மூலைக்குப் போனாலும் தாய் தாய்தாம்மா."

"போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. சின்னப் பிள்ளை அடம்பிடித்தால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"கோவப்படாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன். ஒரு ஆம்பள எழுதியிருந்தா பரவால்ல. பொம்பள எழுதிட்டு இப்படிக் கல்லு மாதிரி விட்டா, உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"திரும்பினா குஞ்சு செத்துடும்னு முந்தின அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கேன். படிச்சீங்களா இல்லையா?"

"வேகமா ஒரு தடவை..." என்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். படிக்கவில்லை. என் ஜீவராசிகளின் சட்டம், வெட்கம் ஒன்றையும் இந்த மனிதர் படிக்கவில்லை. அம்மா என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகக் கண்ணீரை ஊற்றியிருக்கிறது.

"இது வெளிய போகக் கூடாது. நிறுத்துங்க."

"கடைக்கு இன்னும் போகல. உங்க மகளுக்கு மட்டும் முந்தாநாளே கூரியர்ல போட்டுட்டேன். விலாசம் எழுதிக் கொடுத்திருந்தீங்களே? முதல் பிரதி பொண்ணு கைக்குப் போகட்டும்னு..."

போனை எடுத்து, படிக்காதே என்று சொல்ல அவள் எண்ணைத் தேடினேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"படிச்சிட்டேன்" என்றாள். நல்லா இருக்கேன், நீங்க என்றெல்லாம் கேட்கவில்லை. "பொய் சொல்றதுக்கு எனக்கு எதுக்கு அனுப்பினீங்க?"

"என்னம்மா சொல்ற?"

"திரும்பிப் பாத்துச்சாம். அழுதுச்சாம். அன்னிக்கு நான் மாடி ஜன்னல்லதான் நின்னேன். தெருமுனை வரைக்கும் உங்களைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க திரும்பவே இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு மாத்தி எழுதிட்டா நான் நம்பிடணுமா?"

"அதை நான் எழுதல."

"உங்க பேருதானே போட்டிருக்கு?"

போனை அவரிடம் நீட்டினேன். "சொல்லுங்க" என்றேன். முதலில் வாங்கவில்லை. நான் கையை எடுக்காததால் வாங்கினார்.

"நான்தாம்மா சேர்த்தேன். உங்க அம்மாவுக்குத் தெரியாது... இல்லம்மா, ஒரு தாய் மனசுன்னு... இல்ல, உங்க வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும்... சரிம்மா. சரி. தப்புதான்."

திருப்பிக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப நீங்க என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள் மகள்.

எனக்கு அது மனப்பாடம். சொன்னேன். "'அது போயிற்று. திரும்பவில்லை. கரையில் குஞ்சு நிற்பது அதற்குத் தெரியும். தெரிந்தேதான் போயிற்று.' இவ்வளவுதான்."

அந்தப் பக்கம் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"நான் நிக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் சுலபம், எனக்கும் சுலபம்.

"தெரியும்" என்றேன். "திரும்பினா நீ இறங்கி ஓடி வந்திருப்ப. என்னால மறுபடி போயிருக்க முடியாது."

எனக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனால் அது யார் மேல் என்று இப்போது தெரியவில்லை. என் மேலும்தான் இருக்கும்.

"உங்களை நான் மன்னிக்கல" என்றாள். "ஆனா அதையே அச்சடிக்கச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றா?" என்றார் பதிப்பாசிரியர், மெதுவாக.

"திரும்ப அச்சடிக்கணும்."

"மிஷின்ல வேற வேலை ஓடுது. பைண்டிங் வேற முடிஞ்சு போச்சு, நீங்க நினைக்கிற மாதிரி..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷத்தில் என் மகள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"ஓடுற வேலை முடியட்டும் சார்" என்றேன். "நான் இங்கேயேதான் இருப்பேன்."